டாக்டர் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள், அக்கா

உங்கள் மகனின், நம் தம்பியின், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) ரிசல்ட் தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, "டாக்டருக்குப் படிக்கலேன்னா சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிப்போம்" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது நேராகச் சொல்கிறேன், அந்த அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோலாலம்பூர் மாமா சொல்லும் வெளிநாட்டுப் படிப்புக்கு லட்சக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அண்ணனின் இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு) பணமும், லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வந்து சிறுகச் சிறுகக் கட்டிய வீடும் அதற்குள் போய்விடும். முடித்து வந்தாலும், 2016 கடைசியிலிருந்து மலேசிய அரசாங்கம் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்க ஆரம்பித்தது. நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்களே வெளிநடப்புச் செய்தார்கள். கடனை மாமா கட்டப் போவதில்லை.

தம்பியிடம் தனியாகப் பேசினேன். உயிரியல் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தாத்தாவோடு பார்க்கும் ஸ்டார் டிரெக் என்ற பழைய விண்வெளிக் கப்பல் டிவி தொடரைப் பற்றி அரை மணி நேரம்! 1967-ல் வந்த ஒரு கதையைச் சொன்னான். ஓர் அதிகாரியைச் சாகவிட்டார் என்று கப்பலின் கேப்டன் கிர்க் மேல் பழி. கப்பல் கணினியில் பதிவான படமும் அந்த அதிகாரி இருந்த கூண்டைக் கழற்றிவிடும் பட்டனை அவர்தான் முன்கூட்டியே அழுத்தினார் என்று காட்டுகிறது. கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் அந்தக் கணினியோடு சதுரங்கம் ஆடிப் பார்க்கிறார். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர் என்பதால் சமன் செய்வதே பெரிய காரியம், ஆனால் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார். அப்படியானால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் போலி வீடியோவை அன்றே யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

அப்புறம் தம்பி கேட்டான், "சார், நம்ம செம்பனை எண்ணெய் ஆலையில குலை ஏத்தின லாரிய நிறுக்கிறதும் இப்போ கம்ப்யூட்டர்தானே, நம்பர மாத்தினா யாருக்குத் தெரியும்?"

அதைக் கண்டுபிடிக்கவே ஒரு படிப்பு இருக்கிறது, தகவல் பாதுகாப்பு. போலிடெக்னிக்கின் டிஜிட்டல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் அது ஒரு பிரிவு. மனு யுபியு (அரசு உயர்கல்வி இடங்களுக்கான பொது விண்ணப்பம்) வழியாக. படிப்புக் கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளி. கடைசியில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி. சாப்பாடும் நல்ல மடிக்கணினியும் தனிச் செலவு, அதை மறைக்க மாட்டேன். கணினிக்குள் யார், எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்த எண்ணைத் தொட்டார் என்று பதிவுகளை வரி வரியாகப் படிப்பதும், திருடனைப் போலத் தானே உடைத்துப் பார்த்து ஓட்டையை அடைப்பதும்தான் வேலை. இரவு ஷிப்ட் வரும், பொறுமை வேண்டும். 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 துறைகளைக் குறிப்பிடுகிறது, விவசாயமும் தோட்டத் துறையும் அதில் உண்டு அக்கா! முக்கியமானவை என்று குறிக்கப்பட்ட நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ஆபத்துகளை மதிப்பிட வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை செய்ய வேண்டும். அதற்கெல்லாம் ஆள் வேண்டாமா? மேலே படிக்க ஆசைப்பட்டால் மலாக்காவில் உள்ள யூடெம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புப் பட்டம் இருக்கிறது.

"இதையும் ஏஐ செஞ்சிடாதா?" என்றார் அண்ணன். நல்ல கேள்வி. அதே தொடரில் 1968-ல் வந்த கதையில் கப்பலையே எம்-5 என்ற கணினியிடம் ஒப்படைக்கிறார்கள், ஒத்திகைப் போரில் அது சொந்தக் கப்பல்களையே நிஜமாகச் சுடுகிறது, கடைசியில் மனிதர்தான் பேசித் தடுக்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் பெருகப் பெருக அதைக் கண்காணிக்கும் ஆளும் வேண்டும்.

இன்ஜினியரிங், மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யுபியு மனுவில் முதல் இடத்தைத் தம்பியே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சனிக்கிழமை காலையில் அவனை மட்டும் அனுப்புங்கள், கணிதமும் ஆங்கிலமும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.