தாலியைக் கழற்றி ஊழியத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். தோட்டம் கைமாறிய பின் டவுன் ஓரத்து மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்து, இப்போது கால்சட்டைச் சீருடை அணிந்து ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கணவர் இந்து. வெளியூரிலிருந்து வந்து வீட்டுக்கூட்டம் நடத்திய கிறிஸ்தவ ஊழியர் ஒருவர், கால்சட்டை அணியும் பெண் தேவனுக்கு அருவருப்பானவள் என்றும், தாலி உட்பட எல்லா நகைகளையும் கழற்றி ஊழியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும், தாம் ஜெபித்து வைத்திருக்கும் வெள்ளை முக்காட்டுத் துணியை 150 ரிங்கிட் கொடுத்து வாங்கி அணிந்தால் வீட்டில் சமாதானம் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். "ஐயா, கிறிஸ்தவப் பெண்ணின் உடையைப் பற்றி வேதம் உண்மையில் என்னதான் சொல்கிறது?" என்று கேட்கிறார்.

சகோதரி, சீருடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். தாலியைக் கழற்றாதீர்கள். அந்தத் துணியை வாங்காதீர்கள். ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

கால்சட்டைக்கு எதிராக அந்த ஊழியர் காட்டியது உபாகமம் 22:5. புருஷரின் உடையை ஸ்திரீயும் ஸ்திரீயின் உடையைப் புருஷரும் தரிக்கலாகாது என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து இஸ்ரவேலில் ஆணும் பெண்ணும் நீண்ட அங்கிகளையே அணிந்தார்கள்; கால்சட்டையைப் போன்ற ஒன்று மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வருவது ஆசாரியர் உள்ளே அணிந்த சணல்நூல் சல்லடமாகத்தான் (யாத்திராகமம் 28:42). ஒருவர் தம்மை எதிர்ப்பாலாகக் காட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசனத்தை எடுத்து, பெண்களுக்கென்றே தைத்துக் கொடுக்கப்பட்ட சீருடையின் மேல் போடுவது முறையான வியாக்கியானம் ஆகாது. அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம் ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த வஸ்திரத்தைத் தடுக்கிறது. 12ஆம் வசனம் மேலாடையின் நான்கு ஓரங்களிலும் தொங்கல்களை உண்டாக்கச் சொல்கிறது. இவற்றை விட்டுவிட்டு 5ஆம் வசனத்தை மட்டும் பெண்கள்மேல் சுமத்துகிறவரை நம்பாதீர்கள். உங்கள் தாயும் பாட்டியும் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், கொசுவுக்கும் பால்கறைக்கும் பயந்து, கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர்களாக இருப்பார்கள். அந்தச் சட்டையோடு அவர்கள் செய்த ஜெபத்தைத் தேவன் தள்ளிவிட்டார் என்று யாரும் சொல்லத் துணியக்கூடாது.

நகை விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் பணம் கைமாறுவது அங்கேதான். பொன்னினாலும் முத்துக்களினாலும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தினாலும் தங்களை அலங்கரியாமல், நாணத்தினாலும் நற்கிரியைகளினாலும் அலங்கரிக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 2:9-10 பெண்களுக்குச் சொல்கிறது; ஆடம்பரத்தால் மதிப்புத் தேடாதே என்பதே அதன் கருத்து. கழற்றிய நகையைப் பிரசங்கியாரிடம் கொண்டுபோய்க் கொடு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இரத்தாம்பரம் என்னும் விலையுயர்ந்த துணியை விற்றுவந்த தியத்தீரா ஊர் லீதியாள் விசுவாசித்தபோது, பவுல் அவளுடைய வியாபாரத்தை நிறுத்தச் சொன்னதாகவும் வேதத்தில் இல்லை.

ஜனங்களின் பொன்னை ஊழியத்தின் பெயரால் சேர்த்த மூன்று சம்பவங்களை உங்கள் வேதாகமத்திலேயே திறந்து பாருங்கள். யாத்திராகமம் 32இல் ஆரோன் காதணிகளைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னான், அது பொன் கன்றுக்குட்டி விக்கிரகமாயிற்று. நியாயாதிபதிகள் 8இல் கிதியோன் கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். 1,700 சேக்கல், இன்றைய நிறையில் ஏறக்குறைய 19 கிலோ பொன் சேர்ந்தது. அதைக்கொண்டு அவன் ஏபோத்து என்னும் ஆசாரிய உடையைச் செய்து தன் ஊராகிய ஒப்ராவில் வைக்க, அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று. யாத்திராகமம் 35இல் ஆசரிப்புக் கூடாரத்துக்காக ஆண்களும் பெண்களும் மனதாரப் பொன்னைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வேலைக்கு வேண்டியது சேர்ந்தவுடன், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் செய்தான் (36:6). ஆகவே உங்களிடம் நகை கேட்கிறவரிடம் இந்தப் பொன் எந்த வேலைக்கு, எவ்வளவு வேண்டும், கணக்கை யார் பார்ப்பார்கள், போதும் என்று எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வசனத்தைப் பதிலாகச் சொல்லி, ரசீதைப் பற்றிப் பேசாதவரிடம் ஒரு குண்டுமணிப் பொன்னையும் கொடுக்காதீர்கள்.

தாலியைப் பொறுத்தவரை உங்கள் நிலைமைக்கென்றே எழுதப்பட்ட பகுதி ஒன்று உண்டு. நகையைப் பற்றிப் பேசும் 1 பேதுரு 3:3ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன்னுள்ள இரண்டு வசனங்களை வாசிப்பவர்கள் குறைவு. திருவசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவனை, போதனையின்றி, மனைவியின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்திக்கொள்ளலாம் என்று அங்கே பேதுரு சொல்கிறார். அதாவது அந்த அறிவுரை கிறிஸ்தவரல்லாத கணவனோடு வாழும் பெண்ணுக்கு, அந்த வீட்டின் நன்மைக்காகத் தரப்பட்டது. கணவர் கட்டிய தாலியை அவரைக் கேட்காமல் கழற்றி, அந்நியர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நம் வீடுகளில் கணவனை இழந்தவளின் நிறமாகக் கருதப்படும் வெள்ளையில் நீங்கள் திரும்பிவந்தால், அவரும் உங்கள் மாமியாரும் எதை நினைப்பார்கள்? பேதுரு கட்டச் சொன்ன வீட்டை, பேதுருவின் வசனத்தைக் கொண்டே இடிப்பதாகத்தான் அது முடியும்.

ஜெபித்த துணிக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அப்போஸ்தலர் 19:12. பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் வியாதிக்காரர்மேல் போட்டார்கள், உண்மை. அதை விசேஷித்த அற்புதம் என்றுதான் முந்தின வசனம் சொல்கிறது, விலை எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. தேவனுடைய வரத்தைப் பணத்தினால் சம்பாதிக்க நினைத்த சீமோனிடம் பேதுரு சொன்னது அப்போஸ்தலர் 8:20இல் இருக்கிறது: "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது." பெரும்பாடுள்ள (உதிரப்போக்கால் வருந்திய) ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமானாள், ஆனால் அவர் அவளிடம் சொன்னது, "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்பதே. அவருடைய வஸ்திரங்களைச் சிலுவையடியில் சேவகர் பங்கிட்டுக்கொண்டபோது, அவற்றை மீட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று எந்தச் சீஷரும் முயன்றதாக வேதத்தில் இல்லை.

உடைக்கு வேதம் தரும் ஆவிக்குரிய பொருளையும் சொல்கிறேன். ஆதாமும் ஏவாளும் தாங்களே தைத்துக்கொண்டது அத்தியிலை. தேவன் அவர்களுக்கு உடுத்தியது தோல் உடை (ஆதியாகமம் 3:7, 21). யோசுவா என்னும் பிரதான ஆசாரியனின் அழுக்கு வஸ்திரம் நீக்கப்பட்டதும் (சகரியா 3), ஏசாயா 61:10 பாடும் இரட்சிப்பின் வஸ்திரமும், ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்ற கலாத்தியர் 3:27ம், பரிசுத்தவான்களின் நீதிகளே மெல்லிய வஸ்திரம் என்ற வெளிப்படுத்தல் 19:8ம் ஒரே விஷயத்தைத்தான் காட்டுகின்றன. அந்த உடை கொடுக்கப்படுகிறது. பெற்றவர் எவரும் காசு கொடுக்கவில்லை. பெற்ற பின் அது பிறருக்குச் செய்யும் நன்மையாகத் தெரிகிறது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டு காட்டியது அவள் தங்களோடிருக்கையில் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான் (அப்போஸ்தலர் 9:39).

முக்காட்டில் மட்டும் ஒரு விலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெபிக்கும்போது பெண் தலையை மூட வேண்டும் என்று 1 கொரிந்தியர் 11 சொல்வதால், பெண்கள் முக்காடிடும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், அங்கே நீங்களும் இட்டுக்கொள்ளுங்கள். அது சபையின் ஒழுங்குக்கு நீங்கள் காட்டும் மரியாதை. அந்த வழக்கம் இல்லாத சபையில் இடாமல் உட்காருவதால் குற்றமில்லை. ஆனால் பவுல் பேசுவது ஜெபத்தையும் தீர்க்கதரிசனத்தையும் பற்றி மட்டுமே. சந்தைக்கோ பஸ்ஸுக்கோ ஃபேக்டரிக்கோ அல்ல. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தளர்ந்த துணியோடு நிற்பது பக்தி அன்று, ஆபத்து. துணியும் எதுவாகவும் இருக்கலாம்: சேலை முந்தானை, பஞ்சாபி உடுப்பின் துப்பட்டா, வீட்டிலுள்ள பழைய சால்வை. நிறத்தைப் பவுல் சொல்லவில்லை. ஜெபித்த துணி, ஜெபிக்காத துணி என்ற பாகுபாட்டையும் அவர் சொல்லவில்லை.

இத்தனை குழப்பத்துக்கும் சபை நிர்வாகங்களே இடம் கொடுத்தன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டங்கள் கைமாறி ஜனங்கள் டவுனுக்கு வந்தபோது தோட்டத்துச் சிற்றாலயங்கள் மூடப்பட்டன. ஒரு போதகர் பல சபைகளைப் பார்க்கும் நிலையில், வீட்டுக்கு வந்து பெண்களுக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கட்டட நிதிக்கும் சந்தாவுக்கும் தவறாமல் சுற்றறிக்கை அனுப்பத் தெரிந்த கமிட்டிகளுக்கு, தங்கள் விசுவாசிகளின் வீட்டில் யார் வந்து கூட்டம் நடத்துகிறார்கள் என்று விசாரிக்க மட்டும் நேரமில்லை.

ஆகவே நீங்களே தொடங்குங்கள். நடந்ததை இன்றே உங்கள் கணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஊழியரின் பெயர், கூட்டம் நடந்த தேதி, கேட்ட தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் சபைப் போதகரிடம் கையில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு கூட்டத்துக்கு வந்த பெண்களில் யாராவது ஏற்கெனவே நகை கொடுத்திருந்தால், அவர் தனியாகப் போய்த் திருப்பிக் கேட்க வேண்டாம். குடும்பத்தாரோடும் சபை மூப்பர் ஒருவரோடும் போகட்டும். மறுத்தால் போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கட்டும். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.