மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிவந்துவிட்டேன். சட்டமன்றத் தேர்தலில் எங்கே ஓட்டுப் போடுவது?

உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறதோ அங்கேதான். கையில் வாக்காளர் அட்டை இருந்தால் எங்கும் ஓட்டுப் போடலாம் என்று பலர் நம்பி, வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். அட்டை நீங்கள் யார் என்றுதான் சொல்லும். உரிமையைத் தருவது பட்டியல்.

வீடு மாறியவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. படிவம் 6 முதன்முறை சேர்பவர்களுக்கு. அதைக் கொடுத்து இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள், சட்டப்படி தவறு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். சந்தேகம் என்றால் 1950-க்கு போன் போடுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால் இப்போதே கொடுத்துவிடுவது நல்லது. வீட்டில் 18 வயது ஆகப்போகிற பிள்ளை இருந்தால் அவர்களையும் சேர்த்துவிடுங்கள். 18 வயது நிறைந்ததா என்று பார்க்க முன்பு ஜனவரி 1 மட்டும்தான் கணக்கு, இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு.

ஓட்டுப் போடும் நாளில் அட்டை தொலைந்திருந்தாலும் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்து, தலைமை அலுவலரிடம் 'ஆய்வுக்குரிய வாக்கு' கேளுங்கள், வாக்குச்சீட்டு தருவார்கள்.