ஸ்லோ குக்கர் வாங்குமுன் கறிக்கடைக்குப் போய் வாருங்கள்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் காலை ஏழரைக்கு வியாசர்பாடியிலிருந்து வேலைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். வந்ததும் சுடச்சுட மாட்டுக்கறி தயாராக இருக்க வேண்டும் என்று ஆசை. ஸ்லோ குக்கர் வாங்கலாமா? கரன்ட் பில் எகிறுமா?

பதில்: பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்லோ குக்கர் என்பது கரன்ட்டில் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் பாத்திரம்; மூன்றரை லிட்டர் அளவுள்ளது 200 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டியது கரன்ட் கட்டைப் பற்றி. நீங்கள் இல்லாத நேரத்தில் இரண்டு மணி நேரம் கரன்ட் போய்த் திரும்பி வந்தால், திருகு ஸ்விட்ச் மாடல் எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடத் தொடங்கும். இடையில் கறி ஆறிக் கிருமி பெருகியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பிளக்கில் சொருகுங்கள். 200 வாட் அதற்குப் பெரிய சுமை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, ஆளில்லாமல் பகல் முழுக்க ஓட்டுவதற்காக இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்குவதென்றால் டைமர் உள்ளதாக வாங்குங்கள். உங்கள் கணக்குப்படி வீடு பதினோரு மணி நேரம் பூட்டியிருக்கும். கறிக்குக் குறைந்த சூடான ‘லோ’வில் எட்டு மணி நேரம் போதும். அதன்பின் சூடு ஆறாமல் மட்டும் வைத்திருக்கும் ‘வார்ம்’ நிலைக்குத் தானாகவே மாறாவிட்டால் கறி நார்நாராகிவிடும்.

அப்புறம் கறி. 10 வயதைத் தாண்டிய, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை, அல்லது காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக உதவாமல் போன மாட்டைத்தான் சான்று பெற்று அறுக்கலாம் என்பது தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கிற இளங்கறி வேறு, புளியந்தோப்புப் பக்கம் நமக்குக் கிடைக்கிற முற்றின கறி வேறு. இதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, மெதுவாக வேகவைக்க இதுதான் தோது. கடையில் “கொழுப்பில்லாத தொடை” என்று கேட்காதீர்கள். அது வெந்தால் வறண்டுபோகும். ஜவ்வோடு கீழ்க்கால் கறி, கூடவே இரண்டு துண்டு நல்லி எலும்பு கேளுங்கள். அந்த ஜவ்வு கரைந்துதான் குழம்புக்குப் பிசுபிசுப்பும் ருசியும் வருகிறது. விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

முந்தைய நாளே வாங்கி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்த கறியை அப்படியே போட்டால் சூடேறவே பல மணி நேரம் ஆகி, கெட்டுப்போகும். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மசாலாவைக் காலையில் அடுப்பில் வதக்கியே சேருங்கள்; பச்சையாகப் போட்டால் மாலையிலும் பச்சை வாசம்தான் வரும். ஆவி வெளியே போகாது என்பதால் தண்ணீர் வழக்கத்தில் பாதி போதும். உருளைக்கிழங்கு அடியில், கறி மேலே. தேங்காய்ப்பால் கடைசி அரை மணியில்.

இவ்வளவும் படித்துவிட்டு “பிரஷர் குக்கரிலேயே வைத்துவிடலாமே” என்று தோன்றினால், எனக்கும் அதே எண்ணம்தான். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். ஒரு விசில் வந்ததும் சிம்மில் நாற்பது நிமிடம் வைத்தால் முற்றின கறியும் வெந்துவிடும். ராத்திரியே வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்து, மறுநாள் கொதிக்கவிட்டால் ருசி இன்னும் ஏறியிருக்கும். செலவு ஒரு பைசா இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அக்கா தன் பழைய ஸ்லோ குக்கரைத் தருவதாகச் சொல்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது 120 வோல்ட் சாமான். நம் 230 வோல்ட்டில் சொருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடேறிக் கருகிப்போகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் பூட்டிய வீட்டில் அதுவும் நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஸ்லோ குக்கரின் பீங்கான் பாத்திரம் விரிசலோடு வந்தது. “நீங்கள்தான் உடைத்திருப்பீர்கள்” என்கிறார்கள்.

பதில்: பிரித்தபோது எடுத்த போட்டோ, பில், பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. விரிசல் விட்ட பாத்திரத்தில் மட்டும் சமைக்காதீர்கள்.