மீண்டும் திறக்கப்படும் வெள்ளீயச் சுரங்கம்

கேள்வி: 1998இல் மூடப்பட்ட இங்கிலாந்தின் சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கத்தை மீண்டும் இயக்க முயல்கிறார்களாமே, அது சாத்தியமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சாத்தியமே. கார்ன்வாலில் நூற்றாண்டுகளாக இயங்கிய அச்சுரங்கம் மூடப்பட்டதற்குத் தாது தீர்ந்தது காரணமன்று. 1985இல் சரிந்த வெள்ளீய விலை நெடுங்காலம் மீளாததே காரணம். மின்னணுச் சாதனங்களின் பாகங்களைப் பற்றவைக்க வெள்ளீயம் இன்றியமையாததாகிவிட்டதால் இன்று நிலைமை மாறியிருக்கிறது. பம்புகள் நின்றபின் சுரங்கத்தை நிரப்பிய நீரை, 2023 முதல் நீர்மூழ்கிப் பம்புகளால் இறைத்து, இரும்பு, ஆர்சனிக் முதலியவற்றை நீக்கிய பின்னரே ரெட் ஆற்றில் விடுகிறார்கள். முன்பு அந்நீர் சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றில் கலந்துவந்ததால், இதையே முதன்மையான நன்மையாகக் கருதுகிறேன். வெட்டியெடுக்கும் பாறையை எக்ஸ் கதிர்களால் சோதித்து, தாதுவற்ற கற்களை அரைப்பதற்கு முன்பே ஒதுக்கும் திட்டமும் உண்டு. அதனால் மின்சாரம் மிச்சமாகும்.