மாஸ்டர் பதில்கள்: பாறைக்குள் கேட்ட குரல்

கேள்வி: சேர், கம்பஸில் படிக்கும் என் மகன், "பைபிளில் இருப்பதெல்லாம் கதை, ஒன்றுக்காவது மண்ணில் சான்று இருக்கிறதா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: நல்ல கேள்விதானே அம்மா கேட்டிருக்கிறான். அதட்டி வாயை மூடிவிடாதீர்கள். ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன், மிச்சத்தை அவனே தேடட்டும்.

நான் பிறந்தது கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். லயத்துக்குக் கீழே பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் அதில்தான் விழும். ஒருமுறை மேலே மண் சரிந்து பீலி வற்றிப்போனது. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிவதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாக, அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த டிவிசனுக்கு நடந்தார். நானும் ஒரு சின்ன வாளியோடு பின்னால் போவேன். அதனாலோ என்னவோ, 2 இராஜாக்கள் 20:20ஐ என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா ராஜா குளமும் வாய்க்காலும் உண்டாக்கித் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தான் என்கிறது அந்த வசனம். காரணத்தை 2 நாளாகமம் 32இல் பார்க்கலாம். அசீரிய ராஜா சனகெரிப் படையோடு வருகிறான், அவன் கையில் தண்ணீர் அகப்படக்கூடாது.

அந்த வாய்க்கால் எருசலேமில் இன்றும் இருக்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை, பாறையைக் குடைந்த 533 மீற்றர் சுரங்கம். பாம்புபோல வளைந்து போகிறது. அவ்வளவு தூரத்துக்கும் இறக்கம் ஏறத்தாழ 30 சென்றிமீற்றர்தான். தண்ணீர்க் குழாய் பதித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தலையில் கை வைப்பார்கள். 1880இல் அதற்குள் இறங்கி விளையாடிய பையன்கள் சுவரில் எழுத்தைக் கண்டார்கள். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தோம், இன்னும் மூன்று முழப் பாறை மிச்சமிருக்கையில் ஒருவன் அடுத்தவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, பிறகு கோடரிக்கு எதிரே கோடரி விழுந்தது, 1200 முழம் தண்ணீர் ஓடியது என்பதுதான் சாரம்.

கிடைத்த வரிகளில் ராஜாவின் பெயரே இல்லை. வெட்டியவர்களும் அவர்கள் கேட்ட குரலும்தான் இருக்கின்றன. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். சீலோவாமில் அந்த எழுத்து அகப்பட்ட அதே காலத்தில்தான் நம் மலைகளைக் குடைந்து தண்டவாளம் ஏறிக்கொண்டிருந்தது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து பெட்டி இருண்டுபோகும் ஒவ்வொரு முறையும், இந்தச் சுவரிலும் அப்படி ஆறு வரி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

சீலோவாம் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் சாந்துப் பூச்சில் ஒட்டியிருந்த செடித் துணுக்குகளைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வும், காலம் கி.மு. 700ஐ ஒட்டியது என்றே காட்டியது.

எதிரி என்ன சொன்னான் என்பதும் நம்மிடம் இருக்கிறது. கி.மு. 701 படையெடுப்பைச் சனகெரிப்பே களிமண் பட்டகத்தில் எழுதிவைத்தான், அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. எசேக்கியா அவனுக்குக் கட்டிய கப்பக் கணக்கைப் பாருங்கள். 2 இராஜாக்கள் 18இல் 30 தாலந்து (அக்கால நிறை அளவு) பொன், 300 தாலந்து வெள்ளி. சனகெரிப்பின் கணக்கில் பொன் அதே 30, வெள்ளி 800. பொன் அச்சாகப் பொருந்துகிறது, வெள்ளி பொருந்தவில்லை. அந்த வித்தியாசத்தையும் மகனிடம் மறைக்காமல் காட்டுங்கள். ஓர் இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்று வேதம் சொல்வதை எந்த மண்வெட்டியும் தோண்டிக் காட்டாது. நான் அதை நம்புகிறேன். ஆனால் அதற்குக் கல்லைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.

கேள்வி: யோசுவாவின் காலத்தில் இடிந்து விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோ மதிலையே தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஓர் அண்ணன் சொன்னார். உண்மையா?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: 1930களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்டாங் அப்படித்தான் நினைத்தார், தம்பி. 1950களில் இன்னொரு தொல்லியலாளர் கத்லீன் கென்யன் அதே மேட்டை இன்னும் ஆழமாக, அடுக்கடுக்காகத் தோண்டினார். கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவாவின் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியது என்று தெரிந்தது. யோசுவாவின் காலமாகப் பலரும் கொள்ளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்குரிய மதில் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. அண்ணனிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: சாலொமோனுக்கு மயில் போனது இலங்கையிலிருந்தா?
– வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: 1 இராஜாக்கள் 10:22இல், சாலொமோன் ராஜாவின் தர்ஷீஸ் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு வரும் எபிரேயச் சொல் 'துக்கி'. அது நம்முடைய 'தோகை'தான் என்று மொழியறிஞர் கால்டுவெல் 1856இலேயே எழுதினார். அது மயிலே அல்ல, ஒருவகைக் குரங்கு என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்தத் தர்ஷீஸ் என்பது நம் காலித் துறைமுகம் என்றார், 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட். அந்த ஊகத்தை உறுதிப்படுத்தும் எதுவும் காலி மண்ணிலிருந்து கிடைக்கவில்லை, அம்மா.