ஊர் மாறப் போகிறீர்களா? வீட்டுக்கு முன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 66 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு; இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். 1,500 கி.மீ. தள்ளி மகள் இருக்கும் ஊருக்கே குடிபோக முடிவெடுத்து, வீடு பார்க்கத் தொடங்கிவிட்டோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: வீட்டு வேட்டையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரி. மாரடைப்பில், மருத்துவக் குழுவின் கைக்கு வந்து 90 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அந்த ஊசி எல்லா நேரமும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. போடலாமா என்று முடிவெடுக்கவே சிடி ஸ்கேனும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை முடிவும் உடனே கிடைக்க வேண்டும். அதனால் 24 மணி நேரமும் கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம்) இயங்குகிற ஆஸ்பத்திரி எது என்று போனில் விசாரியுங்கள். வாசலில் மாட்டிய பலகையை நம்ப வேண்டாம். பிறகு, பார்த்த வீட்டிலிருந்து மாலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

அடுத்தது மாத்திரை. ஊர் மாறுகிறவர்கள் பயணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பலருக்கும் சிக்கல் வருவது, பழைய டாக்டரின் கடைசிச் சீட்டு முடிந்து புது டாக்டரின் முதல் சீட்டு கிடைக்கும்வரை உள்ள நாட்களில்தான். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம். கிளம்பும்போது 60 நாள் மருந்து கையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். சீட்டில் மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்லுங்கள்; பிராண்ட் பெயர் புது ஊர்க் கடையில் பயன்படாமல் போகலாம்.

கணவருக்குப் போன முதல் வாரமே ஐஎன்ஆர் பாருங்கள். அளவு நிலைக்கும்வரை வாராவாரம் பார்ப்பது நல்லது. சாப்பாட்டில் கீரை கூடினாலும் குறைந்தாலும், இடையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் அது மாறிவிடும்.

ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அட்டை, ஆஞ்சியோ பதிவு, கடைசி எக்கோ, மூன்று மாதத்துக்குள் எடுத்த ஹெச்பிஏ1சி (சராசரி சர்க்கரை அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) எல்லாம் இருக்க வேண்டும். பழைய இசிஜியைப் பலர் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டருக்கு அந்த ஒரு தாள்தான், இந்த மாற்றம் புதிதா பழையதா என்று சொல்லும்.

கேள்வி: இன்சுலினை ஃப்ரிட்ஜோடு சாமான் லாரியில் அனுப்பலாமா?

பதில்: கூடாது. லாரியில் ஃப்ரிட்ஜ் ஓடாது, மூடிய பெட்டிக்குள் வெயில் கொளுத்தும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். உங்கள் வகைக்கு எவ்வளவு என்று பெட்டிக்குள் உள்ள தாளில் பாருங்கள். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வையுங்கள், நேராக ஒட்டினால் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தது, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். விமானத்தில் போனால் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

சாமான் கட்டும் நாளில்தான் சர்க்கரை தாழும். குனிந்து நிமிர்ந்து வேலை, தள்ளிப்போகும் சாப்பாடு, ஆனால் ஊசி மட்டும் வழக்கமான அளவில். அன்று சில மணிக்கொருமுறை மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் அட்டைப்பெட்டியில் கட்டிவிடாதீர்கள்! நடப்பது அதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். புது ஊரில் போனவுடன் இடம் கிடைக்குமா?

பதில்: அந்த நம்பிக்கையில் கிளம்ப வேண்டாம். இடம் உறுதியான தேதியை வைத்துத்தான் வண்டி சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகளைப் புதிதாகக் கேட்பார்கள். டிரை வெயிட் (உடலில் கூடுதல் நீர் இல்லாத எடை), டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) வகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் அளவு, ஃபிஸ்டுலா (ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பு) எந்தக் கையில் என்பதெல்லாம் இப்போதைய சென்டரில் எழுதி வாங்குங்கள். கிளம்பும் முன்தினம் ஒரு டயாலிசிஸ் முடித்து, அடுத்தது தவறாதபடி பயணத்தை வையுங்கள். தவறினால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும்.

கேள்வி: எனக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). 2,000 மீட்டர் உயர மலை ஊரில் வீடு வாங்க ஆசை. காற்று சுத்தமாக இருக்கிறதே?

பதில்: சுத்தம்தான், ஆனால் குறைவு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம். கீழேயே ஆக்சிஜன் அளவு 92 காட்டுகிறவருக்கு அங்கே மாடிப்படி ஏறுவதே பாடாகிவிடும். உங்கள் நுரையீரல் டாக்டரிடம் பேசிவிட்டு, குளிர் கடுமையான மாதத்தில் வாடகைக்கு எடுத்து நாலு வாரம் இருந்து பாருங்கள். தூங்கும்போதும் நடக்கும்போதும் ஆக்சிமீட்டரில் வருவதைக் குறித்து, வீட்டுப் பத்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம் காட்டுங்கள்.