தேர்தல் கருத்துக்கணிப்புகளை மக்கள் ஏன் நம்புவதில்லை? அந்த அவநம்பிக்கை நியாயமானதா?

நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் வசிக்கும் கடலூரில் டீக்கடையிலும் பேருந்திலும் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "காசு வாங்கிக்கிட்டுப் போடுறாங்க." அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன், பிப்ரவரி மாதத்தில், செய்தித் தொலைக்காட்சி ஒன்று ரகசியக் கேமராவுடன் அணுகியபோது, பணம் கொடுத்தால் எண்களைச் சாதகமாக மாற்றித் தரலாம் என்று கணிப்பு நிறுவனங்களைச் சேர்ந்த சிலர் பேசிய காட்சிகள் வெளியாயின. ஆனால் எந்தக் கட்சிக்கும் விலைபோகாத நிறுவனம் நேர்மையாக நடத்தும் கணிப்பும் நம் பகுதியில் எளிதில் தவறிப்போகும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லூரியில் படித்த காலத்தில் அப்படியொரு கணிப்புக்காகக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் களப்பணியாளராக வேலை செய்திருக்கிறேன். வாக்காளர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த பெயர்களை எங்களிடம் கொடுத்து, அவர்களைத்தான் சந்திக்க வேண்டும், வேறு யாரையும் கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். காலையில் போனால் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். ஆட்கள் நூறு நாள் வேலைக்கோ கொல்லைக்கோ போயிருப்பார்கள். மாலைக்குள் இத்தனை படிவம் முடிய வேண்டும் என்ற நெருக்கடியில், பேருந்து நிறுத்தத்தில் பேச நேரமிருந்த ஆண்களைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பியவர்கள் உடன் வந்தவர்களில் இருந்தார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, ஊர்த்தெருவில் தொடங்கிய பலர் பொழுது சாய்ந்ததும் தலித் மக்கள் வசிக்கும் காலனிக்குள் போகாமலே திரும்பிவிட்டதுதான். ஊரும் காலனியும் வெவ்வேறு விதமாக வாக்களிக்கக்கூடிய ஒரு மாவட்டத்தில் இந்த ஒரு குறை போதும், மற்ற கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சந்திக்க முடிந்தவர்களும் மனம் திறந்து பேசினார்கள் என்று சொல்ல முடியாது. "அவரு வந்ததும் கேட்டுக்கங்க தம்பி" என்று கதவருகிலேயே நின்றுவிட்ட பெண்கள் நிறையப் பேர். ஒரு பெரியவர் "மொதல்ல நீங்க எந்தக் கட்சியிலேர்ந்து வர்றீங்க, அதச் சொல்லுங்க" என்றார். எந்தக் கட்சியும் இல்லை என்று அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் அவர் பார்வை எதிர்வீட்டுத் திண்ணைக்கே போனது. அங்கே ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். பெரியவர் அந்தக் கட்சியின் பெயரைத் திண்ணை வரை கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலும் மற்ற பதில்களோடு சேர்த்தே கூட்டப்பட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரேஷன் கடைக்கும் பஞ்சாயத்து வேலைக்கும் தினமும் முகம் பார்த்தாக வேண்டிய மனிதர் எதிரில் இருக்கும்போது வேறு எப்படிப் பேசுவார்?

அடுத்த சிக்கல் வாக்குச் சதவீதத்தை இடங்களாக மாற்றுவது. சரியாகப் பொறுக்கிய ஆயிரம் பேரிடம் கேட்டாலும் ஏறத்தாழ மூன்று சதவீதம் கூடவோ குறையவோ போக வாய்ப்பு உண்டு என்பது புள்ளியியலின் அடிப்படைக் கணக்கு. தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையே இருந்த வித்தியாசமே ஒரு சதவீத அளவுதான். ஆனால் மே மாதத்தில் தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுகவுக்கு 134 இடங்களும் திமுக கூட்டணிக்கு 98 இடங்களும் கிடைத்தன. வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டு எடுக்கும் வாக்குக்கணிப்புகளில், திமுக ஆட்சிக்கு வரும் என்று சொன்னவை அப்போது பொய்த்துப்போயின. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது வெறும் 87 வாக்குகளில். எந்தக் கணிப்பும் அந்த 87 பேரைத் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பக்கத்துப் புதுச்சேரியில் நிலைமை இன்னும் கடினம். சுமார் பத்து லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். அவற்றில் 23 புதுச்சேரியிலும் 5 காரைக்காலிலும் இருக்க, மாகே கேரளத்தை ஒட்டியும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருக்கின்றன. ஒரு தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள் மட்டுமே என்பதால், கட்சியைவிட ஆளின் செல்வாக்கும் தெருத் தொடர்பும் முடிவைத் தீர்மானிக்கும். 2021இல் அங்கே ஆறு சுயேச்சைகள் வென்றார்கள். அவர்களில் ஏனாமில் வென்றவர், பின்னர் முதல்வரான ரங்கசாமியையே 655 வாக்குகளில் தோற்கடித்தார். "எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்" என்ற கேள்வியில் சுயேச்சைக்கு எங்கே இடம்? அதே தேர்தலில் வாக்காளர்களின் கைப்பேசி எண்கள் ஒரு கட்சியின் பிரசாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுந்த புகார் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதற்குப் பிறகு, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைத்து யாருக்கு ஓட்டு என்று கேட்டால் மக்கள் துண்டித்துவிடுவதில் எனக்கு வியப்பில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் பல வாக்குக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் தர, வந்தது 293தான் என்பதால் சந்தேகம் இப்போது இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு வெளியிடக் கூடாது என்றும், கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வாக்குக்கணிப்பு வெளியிடக் கூடாது என்றும் சட்டம் தடுக்கிறது. எப்போது வெளியிடலாம் என்பதைவிட எப்படி எடுத்தார்கள் என்பதையே நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். செலவை ஏற்றது யார், எத்தனை பேரை நேரில் பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், பெண்கள் எத்தனை பேர், காலனிக்குள் போனார்களா, வாக்குச் சதவீதத்தை எந்த முறையில் இடங்களாக மாற்றினார்கள் என்ற விவரங்களை எண்களோடு சேர்த்தே வெளியிடும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அவை இல்லாமல் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் திரையில் ஓடவிடும் கணிப்பை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால், இந்த விவரங்கள் எங்கே என்று அனுப்பியவரிடமே கேட்டுவிடுகிறேன்.